பட்டுவாடாவின் கடைசி அடி: தமிழர் வாழிடங்களில் முகவரியின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

முகவரி என்பது ஓர் இடத்தைச் சுட்டும் நடுநிலையான குறிப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஒரு மடல் எந்த இடத்தில், யார் கையில் ஒப்படைக்கப்பட்டால் அது உரியவரைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையே முகவரி என்பது இக்கட்டுரையின் கருத்து. சிலப்பதிகாரச் செய்தி, தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு, காலனிய அஞ்சல் சட்டங்கள், தமிழ்நாட்டுக் கிராம முகவரிகள், அஞ்சல் பெட்டி எண், இலங்கை மலையகத் தோட்ட முகவரி, அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றின் வழி இக்கருத்து நிறுவப்படுகிறது.

முக்கியச் சொற்கள்: முகவரி, பட்டுவாடா, கிளை அஞ்சலகம், அஞ்சல் பெட்டி எண், மலையகம், லயம், அஞ்சல் குறியீட்டு எண்.

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் ஓலையை எடுத்துக்கொண்டு கோசிகன் கோவலனைத் தேடி வருகிறான். மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனைக் கண்டும் அவன் இன்னான் எனத் தெளிய முடியவில்லை. துயரமும் வழிநடையும் கோவலனின் தோற்றத்தை மாற்றியிருந்தன. அருகில் பூத்திருந்த மாதவிக் கொடியை விளித்துக் கோசிகன் பேச, அதைக் கேட்ட கோவலன் மறுமொழி கூற, அதன் பின்னரே ஓலை கைமாறுகிறது. படித்து முடித்த கோவலன் அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்க்குமாறு திருப்பி அனுப்புகிறான்.

இந்நிகழ்வில் முகவரி இல்லை. தூது செல்பவன் ஆளைத் தேடுகிறான். ஆளைச் சோதித்து உறுதிசெய்கிறான். உரியவர் கையிலேயே கொடுக்கிறான். இன்றைய அஞ்சல் முறையில் மடல் ஆளைத் தேடுவதில்லை. ஒரு கதவையோ, பெட்டியையோ, அலுவலகத்தையோ தேடுகிறது. ஆளிலிருந்து கதவுக்கு நிகழ்ந்த இந்த மாற்றம் எவ்வாறு ஏற்பட்டது, அதனால் யார் பயனடைந்தனர், யார் விடுபட்டனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அஞ்சலைச் சேர்ப்பிக்கும் செயலைத் தமிழ்நாட்டு வழக்கு ‘பட்டுவாடா’ என்கிறது. கூலியையும் சம்பளத்தையும் பிரித்துக் கொடுப்பதற்கும் இச்சொல்லே வழங்குகிறது. இந்த இரட்டைப் பொருள் தற்செயலானதன்று என்பதைப் பின்வரும் சான்று காட்டும்.

1. வீட்டுக்கு எண் இட்ட கல்வெட்டு

வீட்டுக்கு எண் இடுவது ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலில் பொறித்த கல்வெட்டு இதனை மறுக்கிறது. கோயில் பணிக்கெனப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பட்டியல் அதில் உள்ளது. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி எனத் தெருவும், தென்சிறகு, வடசிறகு என வரிசையும், தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என வீட்டின் முறையும், அவர் முன்பு இருந்த ஊரும் கோயிலும், இறுதியில் பெயரும் ஒவ்வொருவருக்கும் குறிக்கப்பட்டுள்ளன.

அமைப்பில் இது முழுமையான முகவரி. ஆனால் மடல் சேர்ப்பதற்காக இது எழுதப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல், வழங்கப்பட வேண்டியிருந்தது. நெல் எந்த வாசலில் அளக்கப்பட வேண்டும் என்பதற்காகவே வாசல்கள் எண்ணப்பட்டன. இங்குப் பட்டுவாடா முந்தியது. முகவரி அதன் விளைவு.

இக்கல்வெட்டில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. குறிப்பு பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்கிறது: சேரி, சிறகு, வீடு, பின்னர் ஆள். சோழர் காலக் கல்வெட்டுகளில் தனிமனிதரைக் குறிக்கும்போதும் வளநாடு, நாடு அல்லது கூற்றம், ஊர், பெயர் என்ற வரிசையே பெரிதும் காணப்படுகிறது. இன்றைய அஞ்சல் முகவரி இதற்கு நேர்மாறாகப் பெயரில் தொடங்கி மாவட்டத்தில் முடிகிறது. அஞ்சல் பிரிப்பவர் அதனைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறார். அவ்வகையில் சோழர் காலக் கல்வெட்டின் வரிசை பிரிப்பவரின் கண்ணோட்டத்தில் இன்னும் வாழ்கிறது எனலாம்.

2. அரை அணாவும் முகவரியும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அஞ்சல் 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. சென்னையில் பொது அஞ்சலகம் 1786இல் நிறுவப்பட்டது. 1837ஆம் ஆண்டுச் சட்டம் மடல்களைக் கட்டணத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. ஆயினும் கட்டணம் தொலைவைப் பொறுத்தே அமைந்தது. ஓட்டக்காரர் எத்தனை கல் தொலைவு ஓடினார் என்பதே கணக்கு.

1854ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மாற்றியது. கால் தோலா எடைக்கு உட்பட்ட மடல், தொலைவு எதுவாயினும், அரை அணா அஞ்சல்தலையுடன் சென்றது. அஞ்சல்தலை ஒட்டாத மடலுக்குப் பெறுபவரிடம் இருமடங்கு வாங்கப்பட்டது. ‘பேரிங் தபால்’ என்ற வழக்கு அதிலிருந்து வந்தது. 1879இல் கால் அணா அஞ்சலட்டை வந்தபோது மடல் எழுதுவது எளியோர்க்கும் கைக்கெட்டியது.

கட்டணம் தொலைவிலிருந்து விடுபட்டதும் அஞ்சல் துறையின் செலவும் உழைப்பும் வழியின் இறுதிப் பகுதியில் குவிந்தன. சென்னையிலிருந்து மதுரை வரை ஆயிரம் மடல்கள் ஒரே பையில் செல்லும். மதுரையில் அந்த ஆயிரமும் ஆயிரம் வாசல்களைத் தேட வேண்டும். பழைய மேலுறைகளில் ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கமும், தந்தை பெயரும், சாதிப் பட்டமும், ‘அவர்கள்’ என்ற மரியாதையும் இடம்பெற்றன. பல வேளைகளில் கோயிலோ கடைத்தெருவோ அடையாளமாக நின்றது. அவை வீட்டைக் குறித்தவையல்ல. ஊரார் ஒருவரை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதைக் குறித்தவை. அஞ்சல்காரர் ஊரின் நினைவைக் கொண்டே அவற்றைப் படித்தார்.

இந்தச் சிக்கலுக்குச் சட்டம் கண்ட தீர்வு முதன்மையானது. 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, மடல் பெறுநரின் வீட்டிலோ அலுவலகத்திலோ சேர்க்கப்பட்டாலும், அவருடைய வேலையாள், முகவர், அல்லது வழக்கமான பட்டுவாடா முறைப்படி பெற்றுக்கொள்ளத் தக்கவராகக் கருதப்படும் பிறர் கையில் கொடுக்கப்பட்டாலும், அது பெறுநரிடமே சேர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. கோசிகன் தேடிய ஆள் இங்குச் சட்டத்துக்குத் தேவையில்லை. ‘வழக்கமான முறை’ என்ற தொடரே போதும். அந்த வழக்கத்தை வகுப்பவர் யார் என்பதே இனி எழும் கேள்வி.

3. கிராமமும் அஞ்சலும்

தமிழ்நாட்டுக் கிராம முகவரிகளில் அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்ற சொற்கள் அடைப்புக்குறிக்குள் அடுக்கப்படுவது வழக்கம். இவற்றுள் வட்டமும் மாவட்டமும் வருவாய்த் துறையின் பிரிவுகள். அஞ்சலும் வழியும் அஞ்சல் துறையின் பாதைகள். இரு நிருவாகங்கள் ஒரே மேலுறையில் சந்திக்கின்றன. அஞ்சலகம் உள்ள ஊரார் ‘கிராமம் மற்றும் அஞ்சல்’ என எழுதினர். அஞ்சலகம் இல்லாத ஊரார் தம் ஊர்ப்பெயருக்குக் கீழே பக்கத்து ஊரின் பெயரை எழுத வேண்டியிருந்தது.

அந்தக் கிளை அஞ்சலகம் பெரும்பாலும் அரசுக் கட்டடத்தில் இயங்கவில்லை. பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலம் உடையவர் போன்ற வேறு வருவாயுள்ள ஒருவர் பகுதிநேரமாக அதனை நடத்தினார். அலுவலகத்துக்கான இடத்தையும் அவரே தரவேண்டும் என்பது விதி. கிராம டாக் சேவக் எனப்படும் இன்றைய முறையும் இதன் தொடர்ச்சியே. சிக்கனமான இவ்வேற்பாடு ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு அஞ்சலைக் கொண்டுசென்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் இடவசதியும் படிப்பும் நிலையான வருவாயும் உடையவர் வீடு பெரும்பாலும் ஊர்த்தெருவில் இருந்தது, சேரியில் இல்லை. தெருவே சிலருக்கு மறுக்கப்பட்ட ஊரில், ஒருவர் வீட்டுத் திண்ணையில் இயங்கும் அரசு அலுவலகம் எல்லாருக்கும் பொதுவானதாக இருந்திருக்க இயலாது.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை இப்பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவலக வளாகங்களுக்குள் செல்லவும் எந்த வகுப்பினருக்கும் தடை இருத்தலாகாது என்று அத்தீர்மானம் கூறியது. தெருவுக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்து உரிமை கோரப்பட்டது கருதத்தக்கது. அலுவலகத்தை அடைய முதலில் தெருவில் நடக்க வேண்டும்.

முகவரியின் சொற்களிலும் இதே போராட்டம் தொடர்ந்தது. மேலத்தெரு, கீழத்தெரு என்ற திசைப்பெயர்களோடு சாதிப்பெயர் தாங்கிய தெருக்களும் மேலுறைகளில் இடம்பெற்றன. தெருவைச் சொன்னாலே ஆளின் சாதி வெளிப்பட்டது. 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப்பெயர்களை நீக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். குடியிருப்பு என்ற எளிய பொருளுடைய அச்சொல், முகவரியில் இடம்பெற்றுப் பழகியே இழிவின் குறியாக மாறியது. முகவரி நடுநிலையானது என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

4. பெட்டி எண்: விரும்பித் துறந்த கதவு

முகவரியிலிருந்து வீட்டை முற்றிலும் நீக்கிய ஏற்பாடு அஞ்சல் பெட்டி எண். நிறுவனமோ தனிமனிதரோ அஞ்சலகத்தில் வாடகை செலுத்தி ஒரு பெட்டியையோ பையையோ பெறலாம். மேலுறையில் பெயரும், பெட்டி எண்ணும், அஞ்சலகத்தின் பெயரும் இருந்தால் போதும். அஞ்சல்காரர் தெருவில் இறங்குவதில்லை. பெறுநரே வந்து எடுத்துச் செல்கிறார். இங்குப் பட்டுவாடாவின் கடைசி அடியை நடப்பவர் பெறுநர்.

இதன் பயன்கள் மூன்று. பெறுநர் வீடு மாறினாலும் முகவரி மாறுவதில்லை. அஞ்சல்காரரின் வருகைக்குக் காத்திராமல் மடல்களை எடுத்துக்கொள்ளலாம். அனுப்புநருக்குப் பெறுநரின் இருப்பிடம் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் பயனை நாளிதழ்களின் மணமகள், மணமகன் தேவை விளம்பரங்கள் வேறொரு வடிவில் எடுத்துக்கொண்டன. அங்கே காணப்படும் பெட்டி எண் நாளிதழ் அலுவலகம் வழங்குவது, அஞ்சல் துறையினுடையதன்று. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: பெறுநர் தமக்கும் அனுப்புநருக்கும் இடையே ஓர் இடைநிலையை வைக்கிறார், அதன் திறவுகோலைத் தாமே வைத்திருக்கிறார்.

‘மேல்பார்வை’ என்பதன் சுருக்கமாக நம் மடல்களில் வழங்கும் ‘மே/பா’வும் ஓர் இடைநிலையே. விடுதி மாணவர், புதிதாக நகரம் வந்தவர், வாடகை வீட்டில் ஒண்டியிருந்தவர் எனத் தமக்கெனக் கதவில்லாதோர் பிறர் கதவை இரவல் வாங்கினர். அங்கே திறவுகோல் பிறரிடம் இருந்தது. ஆயினும் அவரைத் தேர்ந்துகொண்டவர் பெறுநரே. தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லாத நிலையை அடுத்த பகுதி காட்டும்.

5. தோட்டத்து முகவரி: கதவு மறுக்கப்பட்ட வீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் பகுதிகளிலிருந்தும் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளர் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களை அனுப்பத் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லை ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. அதைக் காட்டியே அவர் முகாமையும் கப்பலையும் ரயிலையும் கடந்து உரிய தோட்டத்தை அடைந்தார்; வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. முகவரி இடப்பட்ட பொதிபோல அவர் சேர்ப்பிக்கப்பட்டார். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி உருவானது. ‘போட் மெயில்’ என்ற பெயருடைய அந்த ரயிலின் வழியிலேயே தொழிலாளரும் மடல்களும் பயணம் செய்தனர்.

தோட்டத்தை அடைந்தபின் அவருக்கு முகவரி இல்லாமற்போனது. லயம் எனப்படும் தொடர்வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பரா அவருடைய வீடு. லயமும் நிலமும் பாதையும் தோட்டத்துக்கு உரியவை. தோட்டத்தின் தபால்காரன் அஞ்சலகத்துக்குச் சென்று பையைப் பெற்றுவந்து அலுவலகத்தில் ஒப்படைப்பான். அங்குப் பிரிக்கப்பட்டபின் மடல்கள் லயங்களுக்குச் செல்லும். பெரும்பாலான தோட்டங்களுக்குத் தொழிலாளரிடையே வழங்கிய தமிழ்ப்பெயர் ஒன்று, ஆவணங்களில் இருந்த ஆங்கிலப்பெயர் வேறொன்று. ஊரிலிருந்து வந்த அட்டையில் எழுதியிருந்த பெயரை அலுவலகம் அறிந்துகொண்டால்தான் அது உரிய இடத்தை அடையும். ஒரே தோட்டத்தில் பல இராமசாமிகளும் மாரியாயிகளும் இருந்தனர்.

அமைப்பைப் பார்த்தால் இது அஞ்சல் பெட்டியின் ஏற்பாடே: அஞ்சலகம் ஒரு பையை ஒப்படைப்பதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. வேறுபாடு திறவுகோலில் உள்ளது. பெட்டி எண் பெற்றவர் தாமே தேர்ந்து, தாமே திறக்கிறார். தோட்டத்தில் பையைத் திறந்தவர் வேலை அளிப்பவர். பிரித்தானிய அஞ்சல் சட்ட மரபில் ‘வழக்கமான முறை’ எனப்பட்டது, மலையகத்தில் தோட்ட நிருவாகத்தின் மேசையாக அமைந்தது. ஒரு மடல் காலந்தாழ்ந்தாலும் காணாமற்போனாலும் அஞ்சலகத்தின் ஏட்டில் அது சேர்ந்த மடலே.

துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் நிருவாகத்துக்குச் சென்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னரும் பல தோட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தோட்டப் பெயரையும் பிரிவுப் பெயரையுமே பொது முகவரியாகக் கொண்டுள்ளன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும், நீதிமன்ற அறிவித்தலும், வங்கிக் கடிதமும் உரிய நாளில் கிடைக்காமற்போவது மலையகச் செயற்பாட்டாளர்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் குறை.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணிகள் சென்றடைவதற்குத் தடையாக இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் இடுவது உள்ளாட்சியின் வேலை. உள்ளாட்சி நுழையாத இடத்தில் அஞ்சல்காரர் நுழைய வழி ஏது? 7 பேர்ச் நிலத்துடன் தனிவீடு தரும் திட்டங்கள் 2015க்குப் பின் தொடங்கப்பட்டுள்ளன. தனிவீடு தனிக்கதவைத் தரும். அக்கதவுக்கு எண்ணும், அதற்குச் செல்லும் பாதைக்குப் பெயரும் கிடைக்கும்போதே அது முகவரியாகும்.

6. ஆறு இலக்கம்

இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சமஸ்கிருதப் புலமையும் பெற்ற அஞ்சல் உயர் அலுவலர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இதனை வகுத்தார். முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா அஞ்சலகத்தையும் குறிக்கும். புதூர், புதுப்பட்டி என ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் தமிழ்நாட்டிலும், பல எழுத்துகளில் முகவரி எழுதப்படும் இந்தியாவிலும் எண் ஒரு பொதுமொழியானது.

சென்னையில் முன்பே வழங்கிய வட்ட எண்கள் புதிய முறைக்குள் அப்படியே அமைந்தன. மயிலாப்பூரின் சென்னை-4 என்பது 600004 ஆனது. தியாகராய நகரின் சென்னை-17 என்பது 600017 ஆனது. 2007இல் ஒரு திரைப்படம் ‘சென்னை 600028’ என்றே பெயர் பெறுமளவுக்குக் குறியீட்டு எண் ஒரு பகுதியின் அடையாளமாயிற்று. வருவாய் மாவட்ட எல்லையை இவ்வெண் பின்பற்றுவதில்லை. தேனி தனி மாவட்டமான பின்னரும் அதன் எண் மதுரைக்குரிய 625இலேயே தொடங்குகிறது.

ஆயினும் குறியீட்டு எண் மடலை அஞ்சலகம் வரையே கொண்டுசெல்லும். இலங்கையின் ஐந்திலக்கக் குறியீடும் அவ்வாறே: 20000 கண்டியையும் 90000 பதுளையையும் காட்டும், லயத்தின் காம்பராவைக் காட்டாது. அஞ்சலகத்திலிருந்து வாசல் வரையுள்ள கடைசி அடி இன்னும் அஞ்சல்காரரின் அறிவையும் உள்ளூர் வழக்கத்தையுமே நம்பியுள்ளது. இந்திய அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின், ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் பத்துக் குறிகள் கொண்ட எண்ணைத் தருகிறது. தெருப்பெயரும் உள்ளாட்சியும் இல்லாமலே இடத்தைச் சுட்ட இது உதவும். ஆனால் அவ்விடத்தில் மடலைப் பெறும் உரிமை யாருடையது என்பதை எந்தக் கட்டமும் சொல்லாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வீட்டு எண்ணுடன் கூடிய முகவரி தமிழகத்துக்குப் புதியதன்று. தஞ்சையில் பங்கு அளக்கும் தேவையே வாசல்களை எண்ணச் செய்தது. இரண்டாவது, காலனிய அஞ்சல் முறை ஆளைத் தேடும் கடமையை விடுத்து ‘வழக்கமான’ இடத்தில் ஒப்படைக்கும் கடமையை ஏற்றது. அந்த வழக்கம் ஊரில் ஊர்த்தெருவின் வழக்கமாகவும் தோட்டத்தில் நிருவாகத்தின் வழக்கமாகவும் அமைந்தது. மூன்றாவது, ஒருவர் மடலுக்கும் அவருக்கும் இடையே ஓர் இடைநிலை இருப்பது தன்னளவில் தீங்கன்று. அதனை அவரே தேர்ந்தால் அது பெட்டி எண். பிறர் சுமத்தினால் அது தோட்டத்துப் பை.

மாதவியின் ஓலையைக் கொண்டுவந்தவன் கோவலனை அறிந்த பின்னரே அதைக் கொடுத்தான். அத்தகைய தேடலை நாள்தோறும் இலட்சக்கணக்கான மடல்களுக்குச் செய்ய எந்த அஞ்சல் துறையாலும் இயலாது. ஆகவே அத்தேடலின் இடத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் மட்டுமே திறக்கக்கூடிய ஒரு கதவு உறுதி செய்யப்பட வேண்டும். தோட்டங்களில் இரு நூற்றாண்டுக் கால வாழ்வுக்குப் பின்னும் அக்கதவுக்காகக் காத்திருக்கும் மக்களின் கோரிக்கையை அஞ்சல் வசதி பற்றிய சிறு கோரிக்கையாகக் கொள்ளலாகாது. தம்மைத் தம் பெயரால், தம் வாசலில் விளிக்க வேண்டும் என்ற குடிமை உரிமையின் குரலாகவே கொள்ள வேண்டும்.